கம்பஸ் நம் வாசலில் இருக்கிறது, நம் பிள்ளைகள் எங்கே?

 

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். ஆனால் வீட்டில் தரம் 9, 10, 11இல் பிள்ளை இருந்தால், வாப்பா உம்மாவாக இருந்தாலும் சரி அப்பா அம்மாவாக இருந்தாலும் சரி, தயவுசெய்து கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போகும் பஸ் பம்பைமடுவை நெருங்கும்போது, "கம்பஸ் இறங்கிறவங்க முன்னுக்கு வாங்க" என்று கொண்டக்டர் சத்தம் வைப்பார். காலை நேரமென்றால் பஸ் பாதி காலியாகிவிடும். இறங்கும் பிள்ளைகளில் சிங்களம் கதைக்கிறவர்கள் நிறைய. யாழ்ப்பாணத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் காதில் விழும். அந்தப் பிள்ளைகள் வருவதில் நமக்குச் சந்தோஷம்தான், நன்றாகப் படிக்கட்டும். ஆனால் இறங்காமல் பஸ்ஸிலேயே இருந்து போகிறவர்களையும் ஒருமுறை பாருங்கள். அதில் பல பேர் நாங்கள் படிப்பித்த பிள்ளைகள். ஒருவன் கடை வேலைக்குப் போகிறான். ஒருத்தி தையல் பழகப் போகிறாள். இன்னொருவன் கத்தார் போகப் பாஸ்போர்ட் அலுவலாக அலைந்துகொண்டிருக்கிறான். அந்த வாசலை அவர்கள் தினமும் கடக்கிறார்கள். உள்ளே போனவர்கள் மிகக் குறைவு.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஒரு பிள்ளை படித்தாள். பெயர் வேண்டாம். உயர்தரத்தில் கலைப் பிரிவில் நல்ல பெறுபேறு. தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தெரிவாகியிருந்தாள். வீட்டில் அனுப்பவில்லை. ஒரு நாள் பாடசாலைக்கு வந்து, "டீச்சர், பம்பைமடு கம்பஸ் எங்கட வீட்டுக்குப் பக்கத்துலதானே, அங்க மாத்திக்க ஏலாதா?" என்று கேட்டாள். அங்கே கலைப் பீடம் இல்லை என்று சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அப்ப இத எனக்கு ஓஎல் முடிஞ்ச நேரம் யாரும் சொல்லலியே" என்றாள்.

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. இந்தப் பதிவு அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருந்த பதில்தான், சில வருடம் பிந்தி வருகிறது.

முதலில் இந்தக் கம்பஸ் எப்படி வந்தது என்று பார்ப்போம். நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது.

1991இல் வட மாகாணத்துக்கென ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்கு முந்திய ஒக்டோபரில்தான் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணம், வவுனியாவின் சில பகுதிகள் என்று வட மாகாண முஸ்லிம்கள் ஊரை விட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்த காலத்தில், அவர்கள் விட்டு வந்த மண்ணில் இந்த விதை போடப்பட்டது. 1997இல் அந்தக் கல்லூரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. அதே வருடம் மே மாதம் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஏ9 வீதி யுத்தகளமானது. தமிழ்ச் சனம் காட்டுக்குள் இடம்பெயர்ந்து அலைந்தது. 2009இல் வன்னிச் சனம் முழுவதும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள் அடைபட்டது. இந்த வளாகத்தின் குழந்தைப் பருவம் முழுக்க யுத்தம்தான். அதை நினைவில் வைத்துத்தான் அதன் குறைகளைக் கதைக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி அது வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. நாட்டின் 17ஆவது அரச பல்கலைக்கழகம். வளாகமாக இருந்தது 24 வருடம்.

அந்த 24 வருடத்தின் பொருள் புரிய வேண்டுமென்றால், ஏ9 வீதியில் தெற்கே கொஞ்சத் தூரம் போய் மிஹிந்தலையைப் பாருங்கள். 1991இல் நமக்குக் கல்லூரி வந்தபோது மற்ற மாகாணங்களுக்கும் அதே மாதிரி இணைந்த கல்லூரிகள் வந்தன. அவற்றிலிருந்துதான் 1995இல் ரஜரட்டைப் பல்கலைக்கழகமும் சப்ரகமுவப் பல்கலைக்கழகமும் பிறந்தன. 1999இல் வயம்ப வந்தது. ரஜரட்டை இன்று மருத்துவ பீடமும் விவசாய பீடமும் வைத்திருக்கிறது. ஒரே பருவத்தில் போட்ட விதைதான். ஒரு வயலுக்குத் தண்ணீர் நேரத்துக்கு வந்தது, மற்ற வயலுக்கு வாய்க்காலே வெட்டியிருக்கவில்லை.

கிழக்கிலும் ஒரு கதை உண்டு, எங்கள் சமூகத்தில் பலருக்குத் தெரிந்த கதை. தொண்ணூறுகளின் யுத்தச் சூழலில் முஸ்லிம் மாணவர்களுக்கு வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாமல் போனது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் முன்னின்று, 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரியைத் தொடங்க வைத்தார். அடுத்த வருடமே அது பல்கலைக்கழகம். பிறகு ஒலுவிலில் சொந்த மண்ணில் நிமிர்ந்தது. இன்றைக்கு அங்கே எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது இதுதான். அரசாங்கம் கட்டடத்தைக் கொடுத்தது, ஊர் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. அம்பாறைக் கரையோரத்தில் ஒலுவில் கம்பஸ் என்றால் தங்கள் வீட்டுச் சொத்து மாதிரிக் கதைப்பார்கள். பம்பைமடுவைப் பற்றி நாம் அப்படிக் கதைக்கிறோமா?

இங்கே கதைப்பு வேறு மாதிரி. முஸ்லிம் வீட்டில் கேட்டால், "அது தமிழ் ஆக்கள்ற கம்பஸ்" என்பார்கள். தமிழ் வீட்டில் கேட்டால், "அங்க முழுக்கச் சிங்களப் பிள்ளையள்தானே" என்பார்கள். படித்தவர்களைக் கேட்டால், "யாழ்ப்பாணம் கிடைக்காட்டித்தான் வவுனியா" என்பார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பல்கலைக்கழகத்தை யாருக்கும் இல்லாததாக்கி வைத்திருக்கிறோம்.

உண்மை என்ன? இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி ஊரைப் பார்த்து வருவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளியைப் பார்த்து நாடு முழுவதற்கும் ஒன்றாக அனுமதி கொடுக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. மாத்தறைப் பிள்ளை பம்பைமடுவுக்கு வருவதும் முல்லைத்தீவுப் பிள்ளை மொறட்டுவைக்குப் போவதும் ஒரே சட்டத்தால்தான். ஆகவே சிங்களப் பிள்ளைகள் வந்து நம் இடத்தைப் பிடிக்கிறார்கள் என்பது பிழையான கதை. நமக்கென்று மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் பாடங்களை நம் பிள்ளைகள் படிக்கிறார்களா என்பதே கேள்வி.

அங்கேதான் எல்லாம் சிக்குகிறது.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இன்று மூன்று பீடங்கள். பிரயோக விஞ்ஞான பீடம், வியாபாரக் கற்கைகள் பீடம், தொழில்நுட்பக் கற்கைகள் பீடம். சுற்றாடல் விஞ்ஞானம், பிரயோக கணிதமும் கணினியும், தகவல் தொழில்நுட்பம், கருத்திட்ட முகாமைத்துவம் போன்ற பட்டங்கள். உள்ளே போக வேண்டுமென்றால் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ வர்த்தகமோ தொழில்நுட்பமோ படித்திருக்க வேண்டும்.

இப்போது நம் ஊர்ப் பாடசாலைகளைப் பாருங்கள். 1ஏபி பாடசாலை என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவும் இருக்கும். 1சி என்றால் கலை, வர்த்தகம் மட்டும், பல இடங்களில் கலை மட்டும். வகை 2 என்றால் தரம் 11உடன் முடிந்தது. வன்னியில் 1ஏபி பாடசாலைகள் பெரும்பாலும் நகரத்திலும் பிரதான வீதி ஓரத்திலும். உள்ளூர்ப் பிள்ளைக்குக் கிடைப்பது 1சி அல்லது வகை 2. அங்கே கணித ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போனால் அடுத்தவர் வர ஒரு தவணை ஆகும், சிலவேளை ஒரு வருடம் ஆகும். சாதாரண தரக் கணிதத்தில் எஸ் எடுத்த பிள்ளைக்கு வீட்டில் சொல்லும் புத்தி ஒன்றுதான்: "ஆர்ட்ஸ் செய், லேசு."

லேசா? கலைத்துறைப் படிப்புகளுக்கு அனுமதி நீண்ட காலமாக அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நடப்பது. மாவட்ட ஒதுக்கீடு என்ற கைத்தாங்கல் அங்கே இல்லை. பிள்ளை நாடு முழுவதோடும் நேருக்கு நேர் ஓட வேண்டும். எந்தப் பிரிவில் நம் மாவட்டத்துக்கு உதவி இருக்கிறதோ அந்தப் பிரிவுகளில் பிள்ளைகள் இல்லை. எந்தப் பிரிவில் உதவி இல்லையோ அங்கேதான் கூட்டம். அதையும் தாண்டித் தெரிவானால், போக வேண்டிய இடம் தூரம். ஆண் பிள்ளை போவான். பெண் பிள்ளையை எங்கள் வீடுகளில் எத்தனை பேர் அனுப்புவார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருப்பது ஆண் பிள்ளையைவிடப் பெண் பிள்ளைக்குப் பெரிய விஷயம். காலையில் பஸ் ஏறி, பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். "தூரம்", "விடுதி", "யார் கூட" என்ற கேள்வி எதுவும் எழாது. அல்லாஹ் நம் வாசலில் கொண்டு வந்து வைத்த வசதி இது. அதன் வாசலுக்குப் பொருந்தாத பாடத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பிறகு விதி என்கிறோம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறோம், பெருமைக்காக இல்லை. இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன் என்று ஒரு நகரம். சுற்றிவரத் தட்டையான விவசாய நிலம், நம் வன்னி மாதிரி. பழைய பெரிய தேவாலயம் இருந்ததே தவிர, சொந்தப் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. படிக்க விரும்பிய இளைஞர்கள் ஊரை விட்டுப் போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை. 1996இல், நம் வளாகம் பிறப்பதற்கு ஒரு வருடம் முன், கைவிடப்பட்ட ரயில்வே நிலத்தில் ஒரு கட்டடத்தோடு அங்கே கம்பஸ் தொடங்கியது. அதுவும் வேறு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கிளை மாதிரித்தான். 2001இல் லிங்கன் பல்கலைக்கழகம் என்று பெயர் வந்தது.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் நமக்குப் பாடம். ஊரில் சீமென்ஸ் கம்பனியின் டர்பைன் தொழிற்சாலை இருந்தது. அந்தக் கம்பனியோடு சேர்ந்து பொறியியல் துறையைத் தொடங்கினார்கள். அந்தப் பிரதேசம் நாட்டுக்கு மரக்கறி விளைவிக்கும் இடம், ஆகவே ஹோல்பீச் என்ற சின்ன ஊரில் உணவு உற்பத்திக்கான நிலையம் நடத்துகிறார்கள். கிராமங்களுக்கு டொக்டர்மார் வர மறுத்தார்கள், ஆகவே நொட்டிங்கம் பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து 2019இல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ஊரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்து ஒவ்வொரு துறையாகக் கட்டினார்கள்.

அதே கேள்வியை வன்னியில் கேட்டுப் பாருங்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் என்று பெரிய குளங்கள். அவற்றுக்குக் கீழே நெல். முல்லைத்தீவில் கடல், நந்திக்கடல், கொக்கிளாய்க் களப்பு. பால் மாடு. காடு. நம் குறை என்ன? காட்டிலிருந்து வயலுக்கு வரும் யானை. எல்லைப்புற ஊர்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய், நம்பிக் குடிக்க முடியாத கிணற்றுத் தண்ணீர். அறுவடை நேரம் விழுந்துவிடும் நெல் விலை. இவை ஒவ்வொன்றும் ஓர் ஆராய்ச்சி, ஒரு பட்டப்படிப்பு. சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்குச் செட்டிகுளத்துக் கிணறே ஆய்வுகூடம். முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைக்கு நெல் சந்தையே பாடப்புத்தகம். இந்தத் திசையில் நடக்கும் வேலைகள் ஊருக்குத் தெரியும்படி நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் அச்சாகும் ஆய்வுக் கட்டுரையின் ஒரு பக்கச் சுருக்கம் தமிழில், கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும், 2014இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய பொறியியல் பீடமும், தொழில்நுட்ப பீடமும் அங்கேதான். விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சிக்கென்று தொடங்கி, யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தது. அதுவும் எங்களைப் போல ஊர் திரும்பிய ஒன்றுதான். ஆகவே வன்னிக்குள் இரண்டு பல்கலைக்கழகங்களின் கால் பதிந்திருக்கிறது. இரண்டும் போட்டி போடாமல் பங்கு பிரித்து வேலை செய்தால், விவசாயமும் பொறியியலும் அங்கே, சுற்றாடலும் வணிகமும் கணினியும் இங்கே என்று, ஒரு வன்னிப் பிள்ளை வீட்டிலிருந்து அதிகத் தூரம் போகாமல் பல பட்டங்களில் ஒன்றைத் தெரிவு செய்யலாம்.

இனி நம் பக்கத்துப் பிழைகள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

ஆசிரியர்களாகிய எங்கள் பிழை முதலில். பாடசாலையின் சித்தி வீதம் குறையக் கூடாது என்று பிள்ளையை லேசான பக்கம் தள்ளியிருக்கிறோம். உயர்தரப் பிரிவு தெரிவு செய்யும் நேரம் பிள்ளையோடும் பெற்றோரோடும் அரை மணித்தியாலம் இருந்து கதைக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை நாங்களே முழுவதும் வாசித்ததில்லை. எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடம் என்று சரியாகத் தெரியாமல் புத்தி சொல்லியிருக்கிறோம். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி எங்களை நோக்கித்தான்.

பெற்றோரின் பிழை அடுத்தது. தரம் 5 புலமைப்பரிசிலுக்கு வீடே இரவிரவாக விழித்திருக்கிறது. தரம் 6இல் அந்தப் பிள்ளை கணிதத்தில் விழ ஆரம்பிக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. தரம் 11இல் டியூசனுக்குக் காசு கொட்டுகிறோம். ஐந்து வருடம் பிந்திப் போய்விடுகிறது.

ஊர் நிர்வாகங்களின் பிழை மூன்றாவது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து வந்து வெறும் மண்ணில் அவற்றைக் கட்டியெழுப்பிய கஷ்டம் எங்களுக்குத் தெரியும். ஆனால் நிலத்துக்கு மாபிள் போடச் சேரும் காசில் ஒரு சின்னப் பங்கு இருந்தால், கணித ஆசிரியர் இல்லாத தவணையில் ஒரு பட்டதாரியைப் பிடித்து வைக்கலாம். மார்க்கம் எங்களுக்கு இட்ட முதல் கட்டளையே ஓதச் சொல்லித்தானே.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரிய கோரிக்கை வேண்டாம். இந்த வருடமே செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

ஒன்று. வர்த்தகப் பிரிவைத் திறவுங்கள். விஞ்ஞானப் பிரிவுக்கு ஆய்வுகூடம் வேண்டும், பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் வேண்டும். வர்த்தகத்துக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி என்ற மூன்று பாடத்துக்கு ஆசிரியரும் ஒரு வகுப்பறையும் போதும். கலைப் பிரிவு மட்டும் இருக்கும் 1சி பாடசாலைகளில் இது முடியாத காரியம் இல்லை. பம்பைமடுவில் வியாபாரக் கற்கைகளுக்குத் தனிப் பீடமே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மிகக் கிட்டிய கதவு அதுதான். அதிபர்மாரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் சேர்ந்து வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். ஒரு பாடசாலை தனியாகக் கேட்டால் கடிதம் கோப்பில் தூங்கும். நாலு ஊர் சேர்ந்து போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டு. தொழில்நுட்பப் பிரிவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2013இல் உயர்தரத்தில் அந்தப் பிரிவு வந்தது. இன்னும் பல பெற்றோர் அதை மேசன் வேலை, வயரிங் வேலை பழக்கும் வகுப்பு என்று நினைக்கிறார்கள். அதைப் படித்துப் பல்கலைக்கழகம் போய்த் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பட்டம் எடுக்கலாம். அந்தப் பட்டம் பம்பைமடுவிலேயே இருக்கிறது.

மூன்று. தரம் 6இலிருந்து கணிதமும் ஆங்கிலமும். கம்பஸில் படிப்பு ஆங்கிலத்தில். தெரிவாகிப் போன நம் பிள்ளைகள் முதல் வருடத்தில் வாய் திறக்கப் பயந்து பின்வாங்கில் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை உயர்தரத்தில் போக்க முடியாது, தரம் 6இல் போக்கலாம்.

நான்கு. பல்கலைக்கழகத்திடம் பணிவாக ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு நாளாவது சுற்றுவட்டார ஊர்களின் தரம் 10, 11 பிள்ளைகளையும் அவர்களின் உம்மா அம்மாமாரையும் உள்ளே கூப்பிடுங்கள். ஆய்வுகூடத்தைக் காட்டுங்கள், நூலகத்தைக் காட்டுங்கள். அந்த வாசலைத் தாண்டாத தாய் தன் மகளை உள்ளே கற்பனை செய்து பார்க்க மாட்டாள். கணிதம் படிக்கும் உங்கள் மாணவர்கள் சனிக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் பக்கத்துப் பாடசாலைக்கு வரட்டும். சிங்கள மாணவர்கள் வந்தால் இன்னும் நல்லது. எங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களம் வரும், அவர்களுக்குத் தமிழ் வரும். வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அதையும் சேர்த்துக்கொண்டு கிராமத்துக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்கு விடுமுறைக் காலத்தில் பயிற்சி கொடுங்கள். நாங்கள் முதல் வரிசையில் வந்து இருப்போம், வெட்கம் இல்லை.

ஐந்து. நம் அரசியல்வாதிகளிடம் கேட்க வேண்டியது. கலையும் கல்வியியலும் படிப்பிக்கும் ஒரு பீடம் வவுனியாவுக்கு வேண்டும். வன்னிப் பிள்ளைகளில் பெரும்பங்கு கலைப் பிரிவில் இருக்கும்வரை, அவர்களுக்குக் கதவு இல்லாத பல்கலைக்கழகம் வன்னிக்குப் பாதிதான் சொந்தம். மேடைக்கு மேடை ஏறி மருத்துவ பீடம், பொறியியல் பீடம் என்று வாக்குறுதி கொடுப்பது கேட்கக் காதுக்கு இனிக்கும். ஆசிரியரை உருவாக்கும் பீடம் கேட்பவர் குறைவு. ஆனால் அதிலிருந்துதான் மற்றது எல்லாம் முளைக்கும்.

கடைசியாக, "யாருடைய கம்பஸ்" என்ற கதைக்கு வருவோம்.

1990இல் போனவர்களில் ஒரு பகுதிதான் திரும்பி வந்தோம். வந்தபோது வீடு காடாக இருந்தது. முல்லைத்தீவில் கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவே நாள் கணக்கானது. தமிழ்ச் சகோதரர்கள் எங்களுக்குப் பிறகு எங்களைவிடப் பெரிய அழிவைப் பார்த்தார்கள். யார் கூடக் கஷ்டப்பட்டார்கள் என்று தராசு பிடித்துப் பிரயோசனம் இல்லை. இரு பக்கத்துப் பிள்ளைகளும் இன்று ஒரே மாதிரிப் பாடசாலையில், ஒரே மாதிரிக் கணித ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருக்கிறார்கள். சாளம்பைக்குளத்துப் பிள்ளைக்கும் நெடுங்கேணிப் பிள்ளைக்கும் பிரச்சினை ஒன்றுதான், தீர்வும் ஒன்றுதான். கம்பஸ் யாருடையது என்றால், பிள்ளையை அனுப்புகிறவர்களுடையது. அனுப்பாதவர்களுக்கு அது மன்னார் வீதியில் ஒரு பஸ் தரிப்பிடம் மட்டும்.

அந்தப் பிள்ளை இப்போது ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். நன்றாகப் படிப்பிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். அவளுடைய தங்கை இந்த வருடம் தரம் 9. போன தவணை கணிதத்தில் 41 புள்ளி. அக்காதான் புள்ளி அட்டையோடு எங்களிடம் வந்தாள். "டீச்சர், இவளுக்கு இப்பவே சொல்லுங்க" என்றாள்.

சொல்லத் தொடங்கியிருக்கிறோம். சனிக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பிறகு பாடசாலையில் இலவசக் கணித வகுப்பு நடக்கிறது. இப்போதைக்குப் பதினொரு பிள்ளைகள், எந்த ஊர், எந்த மதம் என்று கேட்பதில்லை. உங்கள் ஊரிலும் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வீட்டில் இருப்பார். உயர்தரம் முடித்து முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள்.

கருத்தைக் கீழே எழுதுங்கள். நாங்கள் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள். பம்பைமடுவில் படித்த, படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் இருந்தால் எந்தப் பிரிவு படித்து எப்படி உள்ளே போனீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் ஆயிரம் வார்த்தையைவிட உங்கள் இரண்டு வரி ஒரு தரம் 11 பிள்ளைக்கு உதவும்.